நார்ப்பெட்டியும் தாமிரபரணியும்: ஆற்றோடு நான்கு நாள்

முதல் நாள், பாபநாசம்

காலை ஏழு மணிக்கே பாபநாசத்தில் இறங்கிவிட்டோம், நானும் மதினியும். தை மாதக் குளிர் இன்னும் போகவில்லை. பொதிகை மலை உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தது. ஆறு மட்டும் யாருக்கும் காத்திராமல் ஓடிக்கொண்டிருந்தது.

இந்தப் பயணம் எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். போன மாதம் சேரன்மகாதேவி வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தோம். ஆச்சி புழங்கிய சாமான்கள் கிடைத்தன. இரண்டு நார்ப்பெட்டி, மூடி போட்ட ஒரு ஓலைப்பெட்டி, ஈயம் பூசிய தூக்குவாளி. பனைநாரில் முடைந்த பெட்டிக்கு நாற்பது வயதாவது இருக்கும். தூசி தட்டினால் இன்றைக்கும் சந்தைக்குத் தூக்கிப் போகலாம். பரணிலிருந்து இறங்கி அடுக்களைக்குப் போனால், கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பெரிய பிளாஸ்டிக் கவர் தொங்குகிறது. அதற்குள் நூறு கவர். எல்லார் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கும். ஒரே வருஷத்தில் சேர்ந்தது அது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தபோது மனசுக்கு என்னவோ செய்தது. மதினியிடம் சொன்னேன். "அப்போ அந்தப் பெட்டியத் தூக்கிட்டு ஆத்தோடயே போவோம்ட்டி. எதெதுக்குக் கவர் கேக்காவன்னு பாப்போம்" என்றார்.

சரி என்று கிளம்பிவிட்டோம். மலையடிவாரத்திலிருந்து புன்னைக்காயல் முகத்துவாரம் வரை நான்கு நாள். கையில் ஒரு நார்ப்பெட்டி, இரண்டு தூக்குவாளி, எவர்சில்வர் தண்ணீர் பாட்டில், நாலு துணிப்பை. ஒரு கவர்கூட வாங்குவதில்லை என்று முடிவு. தாமிரபரணி 125 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக ஓடுகிறது. பிறப்பதும் கடலில் சேர்வதும் தமிழ்நாட்டுக்குள்ளேயே. ஆகவே இதில் கிடக்கும் அழுக்குக்கு வேறு மாநிலத்தைக் கைகாட்ட நமக்கு வழியில்லை.

அகத்தியர் அருவிக்குப் போகும் வழியில் வனத்துறைச் சாவடியில் பைகளைத் திறந்து பார்த்தார்கள். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் இங்கேதான் தொடங்குகிறது. 1988 முதல் காப்பகம். எங்களுக்கு முன்னால் நின்ற குடும்பத்திடமிருந்து சிப்ஸ் பாக்கெட்டுகளையும் தண்ணீர் பாட்டில்களையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அந்த வீட்டுப் பையன் அழுதான். காவலர் குனிந்து, "குரங்கு அந்த பாக்கெட்டத் தின்னுரும் தம்பி, உப்பு வாசம் இருக்குல்லா" என்று பொறுமையாகச் சொன்னார். அந்தப் பொறுமைக்காகவே அவருக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

மேலே தண்ணீர் அவ்வளவு தெளிவு. அடியில் கிடக்கும் கூழாங்கல்லின் நிறம் தெரிந்தது. நான் நெடுநேரம் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த மூன்று நாளும் எந்தத் தண்ணீரைப் பார்த்தாலும் இதை நினைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது.

கீழே இறங்கிக் கோயில் படித்துறைக்கு வந்தால் வேறு காட்சி. பாபநாசநாதர் கோயில் முன்னால் மீன்கள் கூட்டம் கூட்டமாக நிற்கும். சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து பொரி போட்டிருக்கிறேன். அன்றைக்குப் பொரி தாளில் சுருட்டி வரும். இன்றைக்குப் பாக்கெட். பொரியைப் போட்டவர்கள் பாக்கெட்டையும் படியிலேயே விடுகிறார்கள், காற்று அதை ஆற்றில் தள்ளுகிறது. பொரி விற்ற அம்மாவிடம் பெட்டியை நீட்டினேன். அளந்து கொட்டிவிட்டு, "எல்லாரும் இப்பிடி வந்தா எனக்கும் பாக்கெட் காசு மிச்சம்" என்றார்.

துணிகளைப் பற்றித்தான் இன்று முக்கியமாக எழுத வேண்டும். தர்ப்பணம் கொடுப்பவர்களும் பரிகாரத்துக்கு வருபவர்களும் உடுத்திய துணியை ஆற்றோடு விட்டுப் போகிறார்கள். படிக்குக் கீழே வேட்டியும் சேலையும் கல்லில் சுற்றிக் கிடந்தன. சிலர் இறங்கி அள்ளிக் கரையில் குவித்துக்கொண்டிருந்தார்கள். மதினியும் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினார். ஒரு மணி நேரத்தில் நாங்கள் இழுத்துப் போட்டதில் பருத்தி என்று சொல்ல இரண்டு வேட்டிதான் இருந்தது. மீதியெல்லாம் பாலியெஸ்டர். தண்ணீர் பாட்டில் எந்தப் பொருளோ அதே பொருளை நூலாக இழுத்தால் பாலியெஸ்டர். பாட்டிலை ஆற்றில் எறிந்தால் குப்பை என்கிறோம், அதே பொருளைச் சேலையாக விட்டால் பாவம் போய்விட்டது என்கிறோம். அந்தக் காலத்தில் பருத்தி வேட்டியை விட்டார்கள், அது சில மாதத்தில் மக்கி மண்ணோடு போனது. வழக்கம் பழையது, துணி புதியது. இது நூல் நூலாகப் பிரிந்து, ஐந்து மில்லிமீட்டருக்கும் சிறிய துகளாகி, மீன் வயிற்றுக்குள் போகும். நுண்நெகிழி என்பது இதுதான்.

என் அப்பாவுக்கும் இதே படித்துறையில்தான் தர்ப்பணம் கொடுத்தோம். அப்பா வேட்டியை ஆற்றில் விடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து துவைத்து, தெருவில் ஒருவருக்குக் கொடுத்தாள் அம்மா. "உங்கப்பாவுக்கு ஆறு அழுக்கானாப் பிடிக்காது" என்றாள். இதைவிடப் பெரிய சாஸ்திரம் எனக்குத் தெரியாது.

இரவு அம்பாசமுத்திரத்தில் தங்கல்.

இரண்டாம் நாள், பத்தமடை

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்கினோம். கட்டு அப்பளத்தைத் துணிப்பையில் போட்டால் நமுத்துப் போகும் என்று கடைக்காரர் கவலைப்பட்டார். தூக்குவாளியில் வைத்து மூடினோம். சரியாகப் பொருந்தியது.

பஸ்ஸில் வரும்போது இடதுபக்கம் கன்னடியன் கால்வாய் கூடவே வந்துகொண்டிருந்தது. வயல் பச்சையாக இருந்தது. மடை வாய்களில் மட்டும் ஷாம்பு பாக்கெட்டும் பான்மசாலா பாக்கெட்டும் சருகோடு அடைத்துக் கிடந்தன. மடை அடைத்தால் கடைசி வயலுக்குத் தண்ணீர் போகாது. ஒரு விவசாயி மண்வெட்டியால் அதை இழுத்து வரப்பில் போடுவதைப் பார்த்தேன். அடுத்த மழைக்கு அது திரும்ப உள்ளே வரும். அவரும் அது தெரிந்தேதான் போட்டிருப்பார், வேறு எங்கே போடுவார்?

பத்தமடையில் ஒரு வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். பாய் நெய்யும் அக்கா ஒருவர், அறுபதைத் தாண்டியவர். ஆற்றங்கரைக் கோரையை அறுத்து, காயவைத்து, மெல்லிய இழையாகக் கீறி, ஓடும் தண்ணீரில் ஊறப்போட்டு, பருத்திப் பாவில் கோத்து நெய்வது. நல்ல பட்டுப்பாயைச் சுருட்டினால் குடை மாதிரி கையில் அடங்கும். 1953-ல் இங்கிலாந்து ராணி எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்கு இந்த ஊர்ப் பாய் போயிருக்கிறது.

"ஓடுற தண்ணியில ஊறப்போடணும்மா. தேங்கின தண்ணியில போட்டா நிறம் போயிரும், வாசம் வந்துரும்" என்றார். அதாவது இந்தத் தொழிலுக்கு ஆறு சுத்தமாக ஓட வேண்டும். கோரை, தண்ணீர், நெய்கிறவர் கை, மூன்றும் ஒரே ஆற்றங்கரையில் இருக்கின்றன. இந்தத் தெருவிலேயே கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு எடுக்கும் பாய் பிளாஸ்டிக் பாயாக மாறிவிட்டது என்றும் அவரே சொன்னார். குறை சொல்லும் குரல் இல்லை. "அது விலை கம்மி, துடைச்சா அழுக்குப் போயிரும். சனங்கள என்ன சொல்ல? ஆனா வெயில்ல போட்டுப் பாருங்க, ஒரு வருஷத்துல பொடிப்பொடியா உதிரும். எங்க பாய் உதிராது, நைஞ்சு போனாலும் மாட்டுக்குப் படுக்கப் போடலாம்."

அந்தப் 'பொடிப்பொடி'தான் என் தலைக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. வெயில் பட்டால் பிளாஸ்டிக் மக்குவதில்லை, உடைகிறது. உடைந்து உடைந்து கண்ணுக்குத் தெரியாமல் போவதை நாம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். மொட்டைமாடியில் வைத்த பிளாஸ்டிக் வாளியைத் தொட்டால் கையில் மாவு மாதிரி ஒட்டுமே, அந்த மாவெல்லாம் மழையோடு ஓடைக்குப் போய், ஓடையிலிருந்து ஆற்றுக்குப் போகிறது.

மதினி ஒரு பாய் வாங்கினார். பட்டுப்பாய் இல்லை, வீட்டில் படுக்கும் பாய். விலை பேசவில்லை. பொதுவாக எதற்கும் பேரம் பேசாமல் விடமாட்டார். "அவ விரலப் பாத்தியாட்டி?" என்றார் வெளியே வந்ததும். பார்த்தேன். கோரை கீறிக் கீறி நுனி விரல்கள் கண்ணாடி போலத் தேய்ந்திருந்தன.

மூன்றாம் நாள், நெல்லை டவுண்

டவுணில் பெட்டியோடு நடப்பது கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படியில்லை. சுவாமி சன்னதித் தெருவில் பூக்காரி அக்கா மல்லிகையைத் தாமரை இலையில் வைத்து வாழைநாரால் கட்டித்தந்தார். அல்வாக் கடையில் நின்றுகொண்டே சாப்பிடக் கேட்டோம், வாழை இலைத் துண்டில் சூடாக வைத்தார்கள். நெய் இலையில் இறங்கி வந்த வாசனை இன்னும் கையில் இருக்கிறது. இந்த ஊருக்கு எதை எதில் வைக்க வேண்டும் என்பது நன்றாகத் தெரிந்திருந்தது: பூவுக்குத் தாமரை இலை, கருப்பட்டிக்கு ஓலைப்பெட்டி, பதநீருக்குப் பனம்பட்டை, சாப்பாட்டுக்கு வாழை இலை. அந்த அறிவு இன்னும் சாகவில்லை. கேட்டால் கொடுக்கிறார்கள். நாம்தான் கேட்பதில்லை.

மதியம் ஒரு ஓட்டலில் பார்சல். தூக்குவாளியைக் கொடுத்ததும் பையன் தயங்கினார். சாம்பாருக்கு அளவு கவர்தான், வாளியில் எவ்வளவு ஊற்ற? உள்ளேயிருந்து முதலாளி, "நாலு கரண்டி ஊத்துடே" என்றார். பிரச்சினை தீர்ந்தது. கொதிக்கும் சாம்பாரை மெல்லிய கவரில் ஊற்றி ரப்பர் பேண்டு போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். சூடு பட்டு அந்தக் கவர் இளகுவது கையிலேயே தெரியும். அதைத்தான் பிள்ளைகளுக்கு ஊட்டுகிறோம்.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது 1.1.2019-ல். 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்க ஒரு பட்டியலுக்குத் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கியது. முதல் சில மாதம் கடைகளில் கவர் மறைந்தது, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கறிக்கடைக்குப் பாத்திரத்தோடு வரிசை நின்றார்கள். அப்புறம் மெதுவாகத் திரும்பிவந்துவிட்டது. இன்று மார்க்கெட்டில் எண்ணினேன், பத்துக் கடையில் எட்டில் கேட்காமலே கவர் நீட்டினார்கள்.

சாயங்காலம் ஒரு ஆக்கர் கடையில் உட்கார்ந்திருந்தோம். இன்றைய நாளில் எனக்குப் பெரிய படிப்பு அங்கேதான். அண்ணாச்சி முப்பது வருஷமாகப் பழைய சாமான் எடுப்பவர். எதை வாங்குவார், எதை வாங்க மாட்டார் என்று கேட்டேன். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். தண்ணீர் பாட்டில் வாங்குவார். பால் கவர் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்தால் வாங்குவார். உடைந்த குடம், வாளி, பைப் வாங்குவார். ஷாம்பு பாக்கெட்டையும் சிப்ஸ் பாக்கெட்டையும் நீட்டியபோது கையை விரித்தார். "இத யாரும் எடுக்க மாட்டாவம்மா. உள்ள வெள்ளித்தாள், வெளிய பிளாஸ்டிக்கு, நடுவுல இன்னொண்ணு. பிரிக்க முடியாது. இதுக்கு வெலையே கிடையாது."

விலை இல்லாததுதான் தெருவில் கிடக்கிறது. நாள் முழுக்கப் பார்த்ததை அந்த ஒரு வாக்கியம் விளக்கிவிட்டது. ஓடையில் பாட்டில் குறைவு, அதைப் பொறுக்க ஆள் இருக்கிறது. கிடப்பதெல்லாம் ஒரு ரூபாய், ஐந்து ரூபாய் பாக்கெட். உலகம் முழுவதும் குப்பையாகும் பிளாஸ்டிக்கில் 9 சதவீதம்தான் மறுசுழற்சியாகிறது என்று ஓஇசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு 2022-ல் சொன்னது. மறுசுழற்சிக்குப் போகும் என்று நம்பிக்கொண்டு வாங்குவதில் அர்த்தமில்லை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், பிளாஸ்டிக்கைத் துருவிச் சூடான ஜல்லியில் பூசித் தார்ச்சாலை போடும் முறையைக் கண்டுபிடித்தார். 2018-ல் பத்மஸ்ரீ பெற்றார். அருமையான வேலை, ஏற்கெனவே குவிந்துகிடப்பதற்கு அது ஒரு வழி. நாளைக்கு வாங்கப் போவதற்கு அதைச் சமாதானமாகச் சொல்லக் கூடாது.

பால் பாக்கெட் முனையைத் துண்டாக வெட்டி எறிய வேண்டாம் என்றும் அண்ணாச்சி சொன்னார். அந்தச் சின்ன முக்கோணம் எந்தக் கைக்கும் சிக்காது, நேராகச் சாக்கடைக்குத்தான் போகும். பாதி வெட்டி, ஒட்டிக்கொண்டிருக்கும்படி விட வேண்டும். இத்தனை வருஷம் ஒவ்வொரு காலையும் நான் அந்த முக்கோணத்தை எறிந்திருக்கிறேன். இன்றைய கணக்கில் எங்களால் தவிர்க்க முடியாதது மதினியின் மாத்திரை அட்டைகள் மட்டும்.

இருட்டும் முன் சுலோசன முதலியார் பாலத்தில் நின்றோம். கரை மரங்களில், ஆள் உயரத்துக்கும் மேலே, கந்தல் கவர்கள் தொங்கின. முதலில் புரியவில்லை. மதினிதான் சொன்னார், "2023 வெள்ளம்ட்டி. தண்ணி அவ்வளவு ஒசரம் வந்துச்சு." அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஆறு வந்துபோன உயரத்தை மரங்களில் எழுதிவைத்திருப்பது நம்முடைய கவர்கள்.

அடுத்த டிசம்பரில், 2024-ல், கேரள மருத்துவமனைக் கழிவை லாரியில் கொண்டுவந்து சுத்தமல்லி, நடுக்கல்லூர்ப் பக்கத்தில் கொட்டினார்கள். ஊரே கொதித்தது. பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டு, கேரளத்திலிருந்து ஆட்கள் வந்து அள்ளிப் போனார்கள். அந்தக் கோபம் முழுக்க நியாயம். எனக்கும் அன்று தூக்கம் வரவில்லை. பாலத்தில் நின்றபோது இன்னொன்றும் தோன்றியது. இதே ஆற்றுத் தண்ணீரைத்தான் கீழே ஸ்ரீவைகுண்டத்திலும் ஏரலிலும் தூத்துக்குடியிலும் குடிக்கிறார்கள். நமக்கு மேலே இருந்து வந்தவர்கள் மீது நமக்கு வந்த கோபம், நமக்குக் கீழே இருப்பவர்களுக்கு நம் மீது வர எல்லா நியாயமும் இருக்கிறது.

நான்காம் நாள், ஆதிச்சநல்லூர் வழியாகப் புன்னைக்காயல்

ஆதிச்சநல்லூரில் கண்ணாடித் தளத்தின் மேல் நின்று குழிக்குள் பார்த்தோம். முதுமக்கள் தாழிகள். பக்கத்திலுள்ள சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடைத்த நெல்மணிகளின் காலம் கி.மு. 1155 என்று கணித்து, 2021-ல் அறிவித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வருஷம் இந்த ஆற்றங்கரை மண், ஒரு மண்பாண்டத்தில் நெல்லை வைத்துக் காத்திருக்கிறது. மதினி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நெல்லுல்லா வச்சிட்டுப் போயிருக்காவ" என்றார்.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் அமலைச் செடியும் (ஆகாயத்தாமரை) பாட்டிலும் சேர்ந்து மதகை மூடிக் கிடந்தன. அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. ஏரலில் காப்பி. ஆத்தூரில் வெற்றிலை. வாழைச்சருகில் வைத்துக் கட்டித்தந்தார்கள், ஆத்தூர் வெற்றிலை இப்படித்தான் ஊர் ஊராகப் போகுமாம், சருகின் ஈரத்தில் வாடாது.

மூன்று மணிக்குப் புன்னைக்காயல். ஆறு இங்கே அகன்று, உப்பாகி, மெதுவாகிவிடுகிறது. அலையாத்திச் செடிகளின் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும். அவைதான் அந்தச் செடிக்கு மூக்கு. பல வேர்களின் மேல் கவர் தொப்பி மாதிரி கவிழ்ந்திருந்தது. நாங்கள் இருவரும் கைக்கு எட்டியதை எடுத்தோம். சேறு முழங்கால் வரை இழுத்தது, அதற்கு மேல் போக முடியவில்லை. அகத்தியர் அருவியில் பார்த்த கூழாங்கல்லை நினைத்துக்கொண்டேன். அதே தண்ணீர்தான் இது.

வலை பிரித்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவரிடம் பேசினோம். வலையில் மீனோடு கவரும் வருகிறதா என்று கேட்டேன். "வராத நாளே கிடையாது. ஆத்துல வெள்ளம் வந்தா பத்து நாளைக்கு வலை போட முடியாது, குப்பையா வரும்" என்றார். பிறகு தன் வலையைத் தூக்கிக் காட்டினார். "இதயும் சொல்லணும்லா. எங்க தாத்தா காலத்துல பருத்தி வலை. இப்போ எல்லாம் நைலான், தங்கூசி. அறுந்து கடல்ல போச்சுன்னா கெடந்து மீனப் புடிச்சிக்கிட்டே இருக்கும், யாருக்கும் இல்லாம." ஆமைகள் மிதக்கும் கவரைச் சொறிமீன் என்று நினைத்து விழுங்குவதையும் சொன்னார். அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை, தன் வலையையும் சேர்த்தே சொன்னார். இந்த நான்கு நாளில் நான் கேட்ட மிக நேர்மையான பேச்சு அது. மன்னார் வளைகுடா 1986 முதல் கடல் தேசியப் பூங்கா, 21 தீவுகள். இந்த ஆற்றுவாயும் அந்த வளைகுடாவில்தான் திறக்கிறது.

கிளம்பும்போது ஊளி மீன் கேட்டோம். கவர் தேடினார், மதினி நார்ப்பெட்டியை நீட்டினார். அவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க அம்மை இதுலதான் தலைச்சுமையா மீன் கொண்டுபோவா, ஆத்தூர் வரைக்கும்" என்றார். அடியில் வாழைமட்டை ஒன்றை ஒடித்துப் பரப்பி, மேலே மீனை அடுக்கி, அதற்கு மேல் ஈர ஓலை ஒன்றை மூடினார். காசு கொடுத்ததற்கு மேல் ஒரு மீன் வைத்தார்.

பஸ்ஸில் கண்டக்டர் மூக்கைச் சுருக்கிப் பெட்டியைப் பார்த்தார். "கவர்ல கட்டலியாம்மா? சொட்டும்லா?"

"சொட்டாது தம்பி, மட்ட போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு, மதினி பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். ஆத்தூர் வரை சொட்டவில்லை.